தோமையார் தீவுக்குப் போன படகு

டென்மார்க்கில் ஓல்போர்க் நகரத்தில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்குள் லோரன்ஸுக்கு ஒரு பெயர் இருந்தது. டெனிஸ்காரரோடு எப்படிப் பழகுவது என்று தெரியவேண்டுமென்றால் அவரைத்தான் கேட்கவேண்டும். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தேழு வருசம். அதில் இருபத்திரண்டு வருசம் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் டெனிஸ்காரரோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தவர். அவருடைய முதற்பாடம் எப்போதும் ஒன்றுதான். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டால், வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம் என்போம். வீட்டுக்காரி விடமாட்டாள். சும்மா ஒரு வாய் என்பாள். அதற்கும் வேண்டாம் என்போம். பிறகு அவள் கேட்காமலே கொண்டுவந்து வைப்பாள், நாங்களும் குடிப்போம். அதுதான் எங்கள் மரியாதை. டெனிஸ்காரன் அப்படியல்ல. ஒருதரம் கேட்பான். வேண்டாம் என்றால் அவனுக்கு அது வேண்டாம்தான்.

அந்தச் சனத்தில் ஒருவரான அந்தோனிதாசன் வந்த புதிதில் ஒரு டெனிஸ் பிறந்தநாள் வீட்டுக்குப் போய், எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று மரியாதை காட்டி, வெறும் வயிற்றோடு திரும்பி வந்த கதையை லோரன்ஸ் நடித்துக் காட்டினால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இவ்வளவும் தெரிந்த மனிசன், தன் வாழ்க்கையில் ஆகப்பெரிய ஆசை வாசலில் வந்து நின்றபோது என்ன செய்தார் என்பதுதான் கதை. ஊருக்குத்தான் உபதேசம்.

கெல் என்பவன் அதே தொழிற்சாலையில் லோரன்ஸுக்குப் பக்கத்து மேசையில் நின்றவன். மனைவி பிரிந்து போனவள், பிள்ளையில்லை, கதையும் குறைவு. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு பண்ணைக் கொட்டிலில் இருபது வருசமாகக் கோழி எச்சம் பிடித்துக் கிடந்த பாய்மரப் படகொன்றை வாங்கினான். பெயர் ஸ்வாலன். முப்பத்துநாலு அடி, பைபர் உடம்பு, இரண்டு பேர் படுக்கலாம். அதைத் திருத்தி அத்லாந்திக்கைக் கடந்து சென்ட் தோமஸ் தீவுக்குப் போகவேண்டும் என்பது அவனுடைய எண்ணம். கரீபியன் கடலில் இருக்கிற அந்தத் தீவு நூறு வருசத்துக்கு முன்னம்வரை டென்மார்க்குக்குச் சொந்தம். பிறகு தீவையும் சனத்தையும் சேர்த்து அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். விற்றதைப் போய்ப் பார்க்கிறதில் டெனிஸ்காரருக்கு இன்றைக்கும் ஒரு ஆசை.

படகை வாங்கின கிழமையே கெல் லோரன்ஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். லோரன்ஸ் பேசாலை என்ற மீன்பிடி ஊர் ஆள். பதினாலு வயதில் தகப்பனோடு கடலுக்கு இறங்கி, இருபத்திமூன்றாவது வயதில் நேவிக்காரன் சுடத் தொடங்கும்வரை கடலிலேயே கிடந்தவர். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படகுக்குக் கீழே படுத்து, விரல் முட்டியால் அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். எங்கே பைபர் செத்துப்போய்க் கிடக்கிறது, எங்கே உயிர் இருக்கிறது என்று அரை மணித்தியாலத்தில் சோக்கால் கோடு போட்டுக் காட்டினார். கெல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அன்றிலிருந்து ஆறு வருசம், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லோரன்ஸ் அங்கே நிற்பார். பனி கொட்டினாலும் நிற்பார். செத்த பைபரைத் தேய்த்து எடுத்து, புது பைபர் விரிப்பு வைத்து, ரெசின் பசை பூசி, காய்ந்ததும் திரும்பத் தேய்த்து, திரும்பப் பூசினார். பாய்மரம் ஊன்றுகிற அடிக்கட்டை உக்கிப்போய்க் கிடந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஓக் மரத்தில் புதிதாகச் செய்து இறுக்கினார். கூலி என்று கெல் ஒருக்கால் கதை எடுத்தபோது அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கூலிக்காரன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவன். தான் படகில் போகப்போகிறவன் என்றுதான் லோரன்ஸ் நினைத்திருந்தார்.

அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். படகில் இரண்டு படுக்கை. இரண்டு பேர்தான் அதைக் கட்டினவர்கள். வீட்டில் மனைவி எமிலியாவுக்குத் தீவின் பெயரைச் சொல்லி, பார், தோமையாரின்ரை பேரிலை ஒரு தீவு, எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கால் வைச்சிருக்கமாட்டினம் என்று பெருமைப்படுவார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து கால் வீங்கி வந்து இருக்கிற எமிலியா, போறதெண்டா முழங்காலுக்குப் பூசிற மருந்தையும் மறக்காமல் கொண்டுபோங்கோ என்பாள். அப்படித்தான் அந்த வீட்டில் அது முடிவான விசயமாக இருந்தது.

போன சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை, படகு துறைமுகத்து முற்றத்தில் கட்டைகளில் நின்றது. இரண்டு பேரும் மேல்தட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்து சாப்பிட்டார்கள். கெல் தன்னுடைய கறுத்தப் பாணை மென்றுகொண்டே, பாய்ப்படகில் அந்தத் தீவுக்குள் போவதென்றால் அமெரிக்க விசா எடுக்கவேண்டும், கொப்பன்ஹேகனில் நேர்முகத்துக்குப் பெயர் கொடுக்கவேண்டும் என்றான். பிறகு லோரன்ஸின் பக்கம் திரும்பினான்.

“லோரன்ஸ், நீ என்னோடு வருகிறாயா?”

ஆறு வருசமாகக் காத்திருந்த கேள்வி. லோரன்ஸுக்குச் சந்தோசத்தில் கன்னம் சூடாகிப்போனது. அந்தச் சந்தோசத்தில்தான் மனிசன் தன் முப்பத்தேழு வருசத்தையும் மறந்து பேசாலைக்காரனாகிப்போனார். கேட்டவுடனே பாய்ந்து விழுந்து ஓம் என்றால் இதுக்காகத்தான் ஆறு வருசம் உழைத்தான் என்று நினைத்துவிடமாட்டானா?

“இல்லை, இல்லை. எனக்கு வயசு போய்விட்டது. யாராவது இளம் ஆளைக் கூட்டிக்கொண்டு போ” என்றார் டெனிசில், சிரித்துக்கொண்டு.

இனி கெல், என்ன கதை கதைக்கிறாய், நீ இல்லாமல் நான் எப்படிப் போவது என்று சொல்லவேண்டும். அதற்கு இவர் முழங்காலைச் சாட்டவேண்டும். அதற்கும் அவன் விடக்கூடாது. கெல் அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டு பிளாஸ்கிலிருந்து கோப்பி வார்த்தான். அவ்வளவுதான். விசயம் முடிந்துவிட்டது.

லோரன்ஸ் அன்று பின்னேரம்வரை காத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் நின்று இரண்டு மடங்கு வேலை செய்தார். மூன்றாவது சனிக்கிழமை, அத்லாந்திக்கில் இரவு எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சுக்கானில் ஆள் மாறவேண்டும் என்று தானாகவே கதையைத் தொடக்கிப் பார்த்தார். கெல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. முன்னைவிடக் கதை குறைந்தவனாகவும் இருந்தான். அவனுக்கும் மனம் நொந்திருக்கலாம் என்ற யோசனை லோரன்ஸுக்கு வரவேயில்லை.

எமிலியாவுக்குச் சொன்னபோது அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை விட்டுவிட்டாள்.

“ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?”

“கேட்ட உடனை ஓமெண்டு நிக்கிறதே? ஒரு இது வேண்டாமே?”

“அவன் டெனிஸ்காரனெல்லே. நீங்கள்தானே ஊரெல்லாம் படிப்பிச்சுக்கொண்டு திரியிறனீங்கள். நாளைக்குப் போய் எனக்கும் வர விருப்பமெண்டு சொல்லுங்கோ.”

“நானாப் போய்க் கேக்கிறதோ? ஆறு வருசம் அந்தப் படகின்ரை வயித்துக்கை கிடந்தவன் நான். அவனுக்குத் தெரியவேணும்.”

ரோசம். வேறு என்ன? ரோசம் சோறு போடாது, படுக்க இடமும் தராது, ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் பிள்ளையைப்போல வளர்ப்பார்கள்.

மே மாதம் மகன் தனுஷன் சில்க்போர்க்கிலிருந்து வந்தான். இருபத்தொன்பது வயது, ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு வருசம் பாய்ப்படகு ஓட்டப் பழகினவன். தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகத் துறைமுகத்துக்குப் போனவன், கெல்லோடு பத்து நிமிசம் நின்று கதைத்தான். வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டில் டெனிசில் செய்தியைச் சொன்னான். கெல்லுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். நானும் வரலாமா என்று இவன் கேட்டானாம். கெல் சிரித்துக்கொண்டு வா என்றானாம். வேலையில் சம்பளமில்லாத லீவு எடுக்கப்போகிறானாம்.

“உங்களைக் கேட்டவனாம் அப்பா. நீங்கள் வேண்டாம் என்றீர்களாமே?”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பத்து நிமிசத்தில், கோப்பி ஆறமுன்னம், ஒரு கேள்வியில் அந்த இடத்தை அவன் எடுத்துவிட்டான். கேட்பதில் அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை, ஏன் இருக்கவேண்டும்? தன் பிள்ளைமேல் பொறாமைப்படுகிற தகப்பன் அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய் எந்தச் சாமியாரிடம் சொல்வது? எமிலியா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“ஓம். எனக்குக் கடல் வெறுத்துப்போச்சு. சின்னனிலை கண்டது காணும். நீ போட்டு வா” என்றார்.

எமிலியா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை மீன்குழம்பு விட்டாள்.

அந்தப் பொய் நன்றாக வளர்ந்தது. லோரன்ஸுக்குக் கடலென்றால் பயம் என்று அந்தோனிதாசன் கோயில் வாசலில் நின்று பகிடி விட்டார். பிறந்தநாள் வீட்டுக் கதைக்குப் பழிவாங்க அவர் முப்பது வருசம் காத்திருந்தவர், இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? லோரன்ஸ் மறுக்கவில்லை. பயந்தவன் என்ற பெயர், கேட்டுக் கிடைக்காதவன் என்ற பெயரைவிட மேல் என்று நினைத்தார். அவர் கேட்கவேயில்லை என்பதை அந்த நேரம் மறந்துவிட்டார்.

ஆடி மாதம் படகு வெளிக்கிட்டது. பங்குச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். கெல்லின் பழைய வேலைத்தள ஆட்கள் சின்னக் கொடிகளை ஆட்டினார்கள். கட்டியிருந்த கயிற்றைக் கரையில் நின்று அவிழ்த்துவிட ஒரு ஆள் வேண்டும். கெல் லோரன்ஸைப் பார்த்தான். லோரன்ஸ் அவிழ்த்துச் சுருட்டி எறிந்தார். தனுஷன் பிடித்துக்கொண்டான். ஸ்வாலன் ஒரு சத்தமும் இல்லாமல் லிம்பியோர்ட் கடற்கழித் தண்ணீரில் விலகி மேற்குப் பக்கமாகத் திரும்பியது. அதன் அடிப்பக்கத்தின் ஒவ்வொரு சாணும் அவருக்குக் கைப்பாடம். சனம் கலைந்த பிறகும் அவர் நின்றார். எமிலியா வந்து கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஐந்தரை மாதம் அவர் கைத்தொலைபேசியில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டுகிற புள்ளி. இங்கிலாந்துக் கால்வாய், ஸ்பெயின், கனரித் தீவுகள். மார்கழியில் அத்லாந்திக்கின் நடுவில் புள்ளி ஊர்ந்தபோது அவர் நித்திரையே கொள்ளவில்லை. மகனுக்காகத்தான் என்று எமிலியா நினைத்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மகனுக்காகவும்தான். ஆனால் இடையிடையே, படகின் இடது பக்கத்தில் தான் போட்ட ஒட்டு இந்த அலைக்குத் தாங்குமா, அடிக்கட்டை கீச்சிடுமா என்று யோசித்துக்கொண்டு கிடந்ததை அவர் அவளுக்குச் சொல்லவில்லை.

தை மாதம் இரண்டாவது கிழமை தீவைச் சேர்ந்தார்கள். படங்கள் வந்தன. துறைமுகத்தில் அடுக்குமாடி வீடுகளைப்போல நாலு உல்லாசக் கப்பல்கள் வரிசையாக நிற்க, அவற்றின் காலடியில் ஸ்வாலன் ஒரு சின்னப் பொருளாய்க் கிடந்தது. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் இறங்கி, ஒரே தெருவில் ஏறி இறங்கி, ஒரேமாதிரித் தொப்பியும் பெனியனும் வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்ப ஏறுகிறதாம். தெருக்களுக்கு இன்னும் டெனிஸ் பெயர்தான், ஆனால் அந்தப் பெயரை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் இல்லையாம். கடற்கொள்ளைக்காரன் வேசம் போட்டவன் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறானாம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கெல் முதல்நாளே முணுமுணுத்ததாகத் தனுஷன் எழுதியிருந்தான்.

லோரன்ஸ் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்று எமிலியாவுக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுத்த நாள் விடிய அந்தச் சந்தோசம் போய்விட்டது. அவருக்கு அந்தத் தீவு ஒருநாளும் தேவையாக இருக்கவில்லை. கரையே தெரியாத தண்ணீரில், தான் கட்டின படகில், ஒரு இரவு சுக்கான் பிடிக்கவேண்டும். அதுதான் தேவையாக இருந்தது. அதை எந்தக் கப்பற்காரனும் புளிக்கப்பண்ண முடியாது.

மாசி மாதத் தொடக்கத்தில் தனுஷன் லீவு முடிந்து விமானத்தில் திரும்பி வந்தான். கறுத்து, மெலிந்து, தாடியோடு வந்தான். அப்படி ஒரு சந்தோசத்தை அந்தப் பிள்ளையின் முகத்தில் அவர்கள் முன்னம் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொன்னான். அத்லாந்திக்கில் எடுத்த வீடியோவை மட்டும், ஒழுங்காக வெட்டி ஒட்டிக் கொண்டுவருகிறேன் என்று பின்னுக்கு வைத்திருந்தான். கெல் சித்திரையில் அசோர்ஸ் தீவுகள் வழியாகத் திரும்பப் போகிறான் என்றும், கூட வர ஒரு ஆள் தேடுகிறான் என்றும் பேச்சுவாக்கில் சொன்னான்.

எமிலியா அன்றிரவே தொடங்கிவிட்டாள். “இனியும் பேசாமல் இருந்தீங்களெண்டா உங்களைப்போல மடையன் இல்லை. நாளைக்கு அவனுக்குப் போன் எடுங்கோ.” அவர் சரி என்றார். ஆனால் நாளைக்கு எடுக்கவில்லை. கெல் தானாக எடுப்பானோ என்று இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கிழமையும் கார் ஓடும்போது, முகம் வழிக்கும்போது, எனக்கும் வர விருப்பம் என்ற டெனிஸ் வசனத்தைப் பாடமாக்கினார். சின்ன வசனம்தான். ஐந்து வயதுப் பிள்ளை ஐஸ்கிறீமுக்குச் சொல்கிற வசனம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து தனுஷன் வீடியோ காட்டக் கணினியைத் திறந்து வைத்த நேரத்தில், லோரன்ஸ் எழும்பித் தொலைபேசியை எடுத்தார். பிள்ளைக்கு முன்னால் கேட்டால் பின்வாங்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ. சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தார். அங்கே காலை. கெல்லின் குரலுக்குப் பின்னால் பாட்டுச் சத்தமும் கப்பலின் ஊதுகுழலும் கேட்டன. சுகம் விசாரித்த கையோடு லோரன்ஸ் சொல்லிவிட்டார்.

“கெல், திரும்பி வரும்போது எனக்கும் உன்னோடு வர விருப்பம்.”

தனுஷன் நிமிர்ந்து பார்த்தான்.

படகை விற்றுவிட்டேன் என்றான் கெல். வியாழக்கிழமை. கூட வர ஆள் கிடைக்கவில்லை, தனியாக அத்லாந்திக் கடக்க அறுபத்தைந்து வயதில் துணிவில்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் மீன் காட்டி, ரம் ஊற்றிக்கொடுக்கிற ஒருவன் வாங்கியிருக்கிறான். மேல்தட்டில் சனம் இருக்க வாங்கு போடுவதற்காகப் பாய்மரத்தையே கழற்றப்போவதாகச் சொன்னானாம், மோட்டர் போதுமாம்.

“என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார் லோரன்ஸ்.

“நான் உன்னைத்தான் முதலில் கேட்டேன் லோரன்ஸ். நீ வேண்டாம் என்றாய். எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. பிறகு இங்கே வைத்து, உன் அப்பா வருவாரா என்று தனுஷனைக் கேட்டேன். அவருக்குக் கடல் வெறுத்துப்போய்விட்டது என்றான்.”

லோரன்ஸ் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை நிற்பாட்டினார். எதற்கு நன்றி என்று அவருக்கே தெரியாது. தனுஷன் அந்த வீட்டில் ஒருநாளும் இல்லாதபடி தமிழில் கேட்டான்.

“அப்பா, உங்களுக்குப் போக விருப்பமா இருந்ததா?”

இல்லையடா, சும்மா கேட்டுப் பார்த்தனான் என்று சொல்லியிருக்கலாம். எமிலியா கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். பொய் சொல்லவேண்டிய ஒரே இடத்தில் மனிசனுக்கு உண்மை வந்தது.

“விருப்பமா இருந்தது. உன்ரை இடம் என்ரை இடமடா. ஆறு வருசம் அதுக்காகத்தான் அங்கை போனனான்.”

சொன்ன கணமே பிள்ளையின் முகம் வெளிறுவதைக் கண்டார். அந்த ஐந்தரை மாதச் சந்தோசமும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வடிந்துபோனது. சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேனே என்று தனுஷன் டெனிசில் சொன்னான். கணினியை மூடினான். தாயின் கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு, வழியில் வெளிச்சம் இருக்கும்போதே சில்க்போர்க் போய்ச் சேரவேண்டும் என்று வெளிக்கிட்டுவிட்டான்.

“பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்” என்றாள் எமிலியா. அவர் வெட்கத்தில் சுருண்டுபோய் இருந்தார்.

தனுஷன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். வேலையைப் பற்றிக் கதைப்பான், தாயின் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்பான். கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வந்தபோது வைத்திருந்த தாடியையும் வழித்துவிட்டான். அந்த இடது பக்கத்து ஒட்டு நடு அத்லாந்திக்கில் தண்ணீர் விட்டதா, இல்லையா? ஒருதரம் கேட்டால் போதும், பிள்ளை சொல்லிவிடுவான். லோரன்ஸ் அவன் எதிரில் இருந்து சோற்றைப் பிசைவார். என்ன முகத்தோடு அதைக் கேட்பது?